பிளஸ் டூ முடிவதற்குள் ஓர் ஓவியத் தொகுப்பு: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவுகள் வெளியான மறுவாரம் என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், ஆற்காடு என்று பல பக்கங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். கையில் ரப்பர் பேண்ட் போட்ட காகிதச் சுருள், கூடவே அம்மாவோ அப்பாவோ. “சார், கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். பத்து நாளில் போர்ட்ஃபோலியோ தயார் செய்துவிடலாமா?” கல்லூரிக்குக் காட்டும் ஓவியத் தொகுப்பைத்தான் அப்படிக் கேட்பார்கள்.

சுருளைப் பிரித்தால் கண்ணீர் உருளும் ஒற்றைக் கண், உறுமும் புலி, ஒரு நடிகரின் முகம், தோகை விரித்த மயில். எல்லாம் கைப்பேசித் திரையைப் பார்த்து வரைந்தவை. கைத்திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில படங்களில் தாடி மயிரை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஆனால் அந்தச் சுருளுக்குள் அந்தப் பிள்ளையின் வீடு இருக்காது, தெரு இருக்காது, நேரில் வைத்துப் பார்த்து வரைந்த ஒரு சொம்புகூட இருக்காது.

நானும் அப்படி ஒரு சுருளோடுதான் என் முதல் நேர்காணலுக்குப் போனேன். அதில் ஒரு முதியவரின் முகம் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது. தேர்வாளர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவரை வரைந்தபோது நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். “வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?” அதற்கும் பதில் இல்லை. “பார்த்ததில் எதை விட்டாய், எதை மாற்றினாய்?” அவர் குரலில் கோபமே இல்லை. சுருளை மெல்லச் சுற்றி என் கையில் கொடுத்தார். அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை.

எங்கே உட்கார்ந்தாய், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எதை மாற்றினாய்? தொகுப்பில் வைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் இந்த மூன்று கேள்விகளுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்தப் பதில்களை ஓராண்டுக்குள் சம்பாதிப்பதற்கான வழி.

முதலில், எங்கே விண்ணப்பிக்கப் போகிறீர்கள்?

எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி தொகுப்பைக் கேட்பதில்லை. சில இடங்களில் தொகுப்பைவிடச் செய்முறைத் தேர்வுக்குத்தான் எடை அதிகம். ஆகவே ஒரு கோடு போடுவதற்கு முன்பே நான்கைந்து கல்லூரிகளின் சென்ற ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பைத் தேடி எடுத்து, வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியே இன்று இந்தக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சென்ட்ரல். அங்கிருந்து சிறிது தூரம்தான். நம் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் அங்கே படித்து, அங்கேயே முதல்வராகவும் இருந்தார். “நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டுமா” என்று தயங்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. மாமல்லபுரத்தில் கட்டடக்கலைக்கும் சிற்பக்கலைக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம், பெங்களூரில் சித்ரகலா பரிஷத். இன்னும் தூரம் போகத் துணிந்தால் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், சாந்திநிகேதனின் கலா பவன். வடிவமைப்புப் படிப்பு வேறு பாதை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இரண்டு கட்டமாகத் தேர்வு வைக்கிறது. ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் பட்டத்துக்கு யூசீட் தேர்வு ஜனவரியில் நடக்கும். அதில் கையால் வரைந்து காட்டும் பகுதியும் உண்டு. தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டுக் கல்லூரிகளும்தான் தொகுப்பை முழுமையாகக் கேட்பவை. அங்கே வழக்கமாக 12 முதல் 20 படங்கள் வரை எதிர்பார்ப்பார்கள்.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் முடித்த சான்றிதழும் கலைத் திருவிழாவில் வாங்கிய பரிசும் இருந்தால் தனி உறையில் வையுங்கள். அவை தொகுப்பின் பகுதி ஆகா.

காலக் கணக்கு

பிளஸ் ஒன் தொடங்கும் ஜூன் மாதமே சரியான நேரம். பிளஸ் டூ ஜூனில் தொடங்கினாலும் முடியும், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விடக்கூடாது. வாரத்தில் ஐந்து நாள் முக்கால் மணி நேரம், ஞாயிறு காலை மூன்று மணி நேரம். அரையாண்டுத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் முந்திய மாதங்களில் பெரிய படம் எதையும் தொடங்காதீர்கள்; அப்போது ஸ்கெட்ச் புக் மட்டும் பையில் இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த முக்கால் மணி நேரம் படிப்பைக் கெடுக்காது. பிழைப்புக்கு வழி உண்டா என்ற கவலையும் வேண்டாம். கவின் கலைப் படிப்பில் வண்ணக்கலை, சிற்பம், துகில் வடிவமைப்பு, சுடுமண் கலை, காட்சித் தகவல் தொடர்பு என்று பிரிவுகள் பல இருக்கின்றன. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செருப்பு, ஷூ செய்யும் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் நாம் வாழ்கிறோம். அங்கே ஒவ்வொரு புது மாதிரியும் முதலில் ஒரு தாளில் கோடாகத்தான் பிறக்கிறது.

என்ன வாங்குவது?

குறைவாக வாங்குங்கள். 2B, 4B, 6B பென்சில்கள், சார்கோல் என்னும் கரிக் குச்சி ஒரு பெட்டி, பிசைந்து உருட்டும் ரப்பர், ஒரு கறுப்புப் பேனா, ஐந்தாறு போஸ்டர் கலர் புட்டிகள், இரண்டு பிரஷ். கார்ட்ரிட்ஜ் தாளை ஃபுல் ஷீட்டாக வாங்கி இரண்டாக வெட்டிக்கொண்டால் விலையும் குறையும், அளவும் சரியாக வரும். ஃபுல் ஷீட் என்பது 22-க்கு 30 அங்குலம். பாதியாக்கினால் 15-க்கு 22. வாட்டர் கலருக்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் எடையுள்ள தடித்த தாள் பத்து வாங்குங்கள். மெல்லிய தாளில் தண்ணீர் பட்டால் அப்பளம்போல் நெளியும்.

வழவழப்பான சார்ட் பேப்பரைத் தவிருங்கள். பள்ளிப் போட்டிகளில் அதில் வரைந்தே பழகியிருப்பீர்கள். சார்கோலும் மென்மையான பென்சிலும் அதில் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

முதல் மூன்று மாதம் ஒரே குடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

வீட்டில் இருக்கும் பித்தளைக் குடம் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கும் அறையில் ஸ்டூல்மீது வையுங்கள். மின்விளக்கை அணைத்துவிடுங்கள். குடத்தின் வாய் உங்கள் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி உட்காருங்கள். கையை முழங்கை மடங்காமல் நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் குடத்தின் உயரத்தை அளந்து, அதே அளவை அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் மனம் குடத்தை எப்போதும் உண்மையைவிட ஒல்லியாகவோ குண்டாகவோதான் நினைத்துக்கொண்டிருக்கும். பென்சில் அதைத் திருத்தும்.

அடுத்து வாயின் வட்டம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரியும். கண்மட்டத்துக்கு அருகில் இருந்தால் ஒடுங்கித் தெரியும். கீழே இறங்க இறங்க விரியும். அப்படியானால் குடத்தின் அடிப்பகுதியின் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் பத்தில் எட்டுப் பிள்ளைகள், அடிப்பகுதி தரையில் உட்கார்ந்திருக்கிறதே என்ற நினைப்பில் அங்கே நேர்க்கோடு போட்டுவிடுகிறார்கள். குடத்தைப் பார்க்காமல் குடத்தைப் பற்றிய எண்ணத்தை வரைந்ததன் அடையாளம் அந்த நேர்க்கோடு. தேர்வாளர் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும்.

முதல் இருபது படங்களில் கோடு மட்டும் போடுங்கள். பிறகு தொனிக்கு, அதாவது வெளிச்சமும் இருளும் எவ்வளவு என்பதற்கு, வாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து ஐந்து படிகள் தெரியும்: நேர் வெளிச்சம், நடுத்தொனி, இருள் பகுதி, இருளுக்குள் தரையிலிருந்து திரும்பி வரும் எதிரொளி, ஸ்டூலில் விழும் நிழல். இந்த ஐந்தையும் சார்கோலில் கொண்டுவரப் பழகிவிட்டால் மனித முகம்கூட இதே கணக்குத்தான்.

பித்தளை முடிந்ததும் மண்பானை, பிறகு எவர்சில்வர். மண்பானை ஒளியைக் குடித்துக்கொள்ளும். எவர்சில்வர் அறை முழுவதையும் தன்மேல் எழுதிக்கொள்ளும். ஒரே உருவம், மூன்று தோல்கள். இந்த மூன்றையும் அருகருகே வைத்தால் தொகுப்பில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

நம் பக்கத்துச் சந்தைகளில் வரும் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயையும் வரையுங்கள். புவிசார் குறியீடு பெற்ற காய் அது. அதன் காம்பிலும் தொப்பியிலும் உள்ள முட்கள், வரிவரியான நிறம், பளபளப்பான தோல் இவற்றை வரைந்து முடித்தால் பாடப்புத்தகத்து ஆப்பிளைத் தொடவே மனம் வராது. நம் பிள்ளைகளின் தொகுப்பில் ஏன் எப்போதும் ஆப்பிளும் ஒயின் கோப்பையும் இருக்கின்றன என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். வீட்டில் இல்லாத கோப்பையை எங்கிருந்து பார்த்து வரைந்தார்கள்?

வீட்டைவிட்டு வெளியே

நான்காவது மாதம் கோட்டைக்குப் போங்கள். கையில் பெரிய பலகை வேண்டாம். மடியில் வைத்துக்கொள்ளும் ஸ்கெட்ச் புக், பேனா, தண்ணீர் பாட்டில் போதும்.

வேலூர்க் கோட்டை 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் வேலை. அகழிக்கு வெளியே நின்று, மதில் மூலை திரும்பும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மூலையின் இரு பக்கமும் மதில் இரண்டு திசைகளில் ஓடி, இரண்டு புள்ளிகளை நோக்கிச் சரியும். இரு புள்ளித் தொலைவுக் காட்சியைப் பலகையில் கோடு போட்டு ஒரு வாரம் சொல்லித் தந்தாலும் புரியாத பிள்ளைக்கு அங்கே அரை மணி நேரத்தில் புரிந்துவிடுகிறது. ஒரு புள்ளிக் காட்சிக்குக் காட்பாடி ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் போதும்: தண்டவாளங்கள், நடைமேடைக் கூரைகள் எல்லாம் தூரத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வது தெரியும்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் வெளிப் பிராகாரத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரைகள், யாளிகள், அவற்றின்மேல் வீரர்கள். இதை முழுவதுமாக வரைய முயன்று கைசோர்ந்து திரும்பியவர்கள் பலர். ஒரு நாளைக்கு ஒரு தூண், அதிலும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செதுக்கு வேலைகளை மறந்துவிட்டு, தூணைப் பெரிய பெட்டிகளாகவும் உருளைகளாகவும் பாருங்கள். குதிரையின் வயிற்றுக்கும் தூணுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தின் உருவத்தை வரையுங்கள். அந்த இடைவெளி சரியாக வந்தால் குதிரை தானாக வந்து நிற்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அதே தூணை வரையுங்கள். வெளிச்சம் இடம் மாறியதும் யாளியின் முகமே மாறிவிடுவதைப் பார்ப்பீர்கள். அந்த இரண்டு படங்களும் சேர்ந்து உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

கோயிலில் வரையும்போது வழியை மறிக்காமல் ஓரமாக உட்காருங்கள். கல்லின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்க வேண்டாம். அதே கோட்டைக்குள் அருங்காட்சியகம், தேவாலயம், மசூதி எல்லாம் இருக்கின்றன. விமானம், கூம்பு, வளைவு என்று ஒரே நடையில் மூன்று கட்டடமொழிகள்.

ஊரைச் சுற்றி நிற்கும் பாறைமலைகளை மறந்துவிடாதீர்கள். மாலை ஐந்தரை மணிக்குச் சரிந்த வெயிலில் ஒவ்வொரு உருண்டைப் பாறையும் உங்கள் பழைய குடம்தான். விரிஞ்சிபுரத்தின் மதிலழகைச் சொலவடையாகக் கேட்டிருப்பீர்கள். ஒரு ஞாயிறு அங்கே போய் அந்த அழகு எங்கே இருக்கிறது என்று கோட்டில் தேடிப் பாருங்கள். வள்ளிமலையில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்து ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மலைகளில் யாரோ நிறம் குழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின் கையில் பிடிக்கும் பிரஷின் எடையே வேறாக இருக்கும்.

மனிதர்கள்

நேதாஜி மார்க்கெட்டுக்கு விடியற்காலை போங்கள். மூட்டை இறக்குபவர், பூத்தொடுப்பவர், தராசு பிடிப்பவர். யாரும் உங்களுக்காக நிற்கமாட்டார்கள், அதனால்தான் அங்கே போகச் சொல்கிறேன். முதலில் முப்பது வினாடிப் படங்கள். முகம் வேண்டாம், விரல் வேண்டாம். முதுகின் வளைவு, எடை எந்தக் காலில் இருக்கிறது, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்த மூன்றும் மட்டும். ஒரு காலையில் நாற்பது வரையலாம். முப்பத்தைந்து படங்கள் பயன்படாமல் போகும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒருவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் வரையப் போகிறீர்கள் என்றால் கேட்டுவிடுங்கள். “ஐயா, நான் ஓவியம் படிக்கப் போகிறேன். நீங்கள் வேலை செய்யும்போது உங்களை வரையலாமா?” என்று ஒரு மாணவன் மண்டித் தெருவில் ஒரு பெரியவரிடம் கேட்டான். “வரை தம்பி, ஆனால் முடித்துவிட்டு எனக்குக் காட்டிவிட்டுப் போ” என்றார் அவர். பெண்களை வரையும்போது அவர்கள் சம்மதம் இல்லாமல் கோடுகூடப் போடாதீர்கள். வரைந்ததைக் காட்டுங்கள். “என் மூக்கு இவ்வளவு பெரிதா?” என்று அவர்கள் கேட்பதும் ஒரு பாடம்தான்.

அளவுக்கணக்கு எளிது. வளர்ந்தவரின் உயரம் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை. மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஐந்து தலை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் அதிலிருந்து எங்கே விலகுகிறார் என்று பாருங்கள். அந்த விலகலில்தான் அவருடைய சாயல் இருக்கிறது.

ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து நடந்தால் ஒரு இரவு முழுவதும் உட்கார்ந்துவிடுங்கள். ஒப்பனை போடும் இடத்தில் அனுமதி கேட்டு முன்னிரவிலேயே போய்விட வேண்டும். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டுவதற்கு முன் அரிதாரம் பூசிய முகத்தோடு பீடி பிடித்துக்கொண்டிருக்கும் துரியோதனனை அங்கே தவிர வேறு எங்கே பார்க்க முடியும்?

ஒரே பொருளில் ஒரு தொடர்

தொகுப்பைத் தூக்கி நிறுத்துவது இந்தப் பகுதி. தனித்தனிப் படங்கள் கைப்பழக்கத்தைக் காட்டும். ஒரே பொருளைச் சுற்றி வரைந்த ஏழெட்டுப் படங்கள் ஒரு மனம் எப்படி யோசிக்கிறது என்பதைக் காட்டும்.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். என்ன தொடர் செய்யலாம் என்று கேட்டபோது பிரபஞ்சம், காலம், பெண் விடுதலை என்று பெரிய தலைப்புகளாகக் கொண்டுவந்தாள். “வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டேன். “அம்மா, தம்பி, ஆயா. ஆயா பீடி சுற்றும், சார்.” “ஆயா எங்கே உட்காருவார்?” “நிலைப்படி பக்கத்தில். அங்கேதான் வெளிச்சம் வரும்.” வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, நான் கேட்காமலே அவள் பதில் சொல்லிவிட்டாள்.

நான்கு மாதம் அவள் தன் பாட்டியை, அந்த ஆயாவை மட்டும் வரைந்தாள். முதலில் மடியில் முறம், அதில் தூளும் வெட்டிய இலைகளும். பிறகு கைகள் மட்டும்: இலையைப் பிடிக்கும் விரல், உருட்டும் விரல், நூலைச் சுற்றி முடியும் விரல். ஒரே தாளில் பன்னிரண்டு கைகள். பிறகு கத்தரிக்கோலும் நூற்கண்டும். பின்னால் நின்று பார்த்த முதுகு. கட்டி அடுக்கிய பீடிக் கட்டுகளை வெறும் வட்டங்களாக, கிட்டத்தட்ட ஒரு கோலம்போல. கடைசிப் படத்தில் ஆயா இல்லை. நிலைப்படி, சாய்த்து வைத்த முறம், தரையில் விழுந்த வெயில்.

ஆயா இருமுவதைப் பற்றி அவள் எதுவும் எழுதவில்லை. முதுகை வரைந்த படத்தில் தோள்பட்டை மட்டும் சற்றுத் தூக்கியிருந்தது. பார்ப்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டில் தறி இருக்கலாம், தையல் மிஷின் இருக்கலாம், இட்லிக் கடை இருக்கலாம், தோல் தொழிற்சாலைக்குப் போய்வரும் அப்பாவின் செருப்பு இருக்கலாம். உங்களால் திரும்பத் திரும்பப் போய் உட்கார முடிந்த பொருளைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு படங்களோடு சலித்துவிட்டால் அது உங்கள் பொருள் அன்று. தொடரில் ஓரிரு படங்களையாவது வேறு ஊடகத்தில் செய்யுங்கள்: களிமண், லினோ தகட்டில் வெட்டி மை தடவி எடுக்கும் பதிப்பு, துணி ஒட்டு, எதுவானாலும் சரி. தொடருக்காக எடுத்த குறிப்புகளையும் தோற்றுப்போன முயற்சிகளையும் எறியாமல் வையுங்கள். மூன்றாவது கேள்விக்கு, எதை மாற்றினாய் என்பதற்கு, அவைதான் சாட்சி.

நிறம்

நம் ஊர் வெயிலில் வாட்டர் கலர் ஒரு தனிப் போராட்டம். அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு நிறத்தைப் பூசி அடுத்ததைத் தொடுவதற்குள் முதலாவது காய்ந்துவிடும். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த கை படத்தில் படாமலிருக்கக் கைக்கடியில் ஒரு வெள்ளைத் தாள் வேண்டும்.

கறுப்பு புட்டியை மூன்று மாதம் தொடாதீர்கள். நிழலுக்கு நீலமும் பழுப்பும் கலந்து பாருங்கள். வேலூர் மதிய நிழலில் எவ்வளவு நீலம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஸ்கெட்ச் புக்

ஒன்று நிரம்பியதும் அட்டையில் மாதம் எழுதி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கிழிக்காதீர்கள், அழகாக்காதீர்கள். பேருந்துக்குக் காத்திருந்தபோது வரைந்தது, வேதியியல் வகுப்பில் வரைந்த முன்பெஞ்சு மாணவனின் பின்தலை, பக்கத்தில் எழுதிய இரண்டு வரி எல்லாம் அப்படியே இருக்கட்டும். நல்ல தேர்வாளர்கள் பெரிய படங்களைப் புரட்டிவிட்டு ஸ்கெட்ச் புக்கில்தான் நெடுநேரம் நிற்பார்கள்.

தேர்ந்தெடுப்பது

எல்லாப் படங்களையும் கூடத்தில் தரையில் பரப்புங்கள். மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு படத்திடமும் கேளுங்கள். பதில் வராத படத்தை எடுத்து ஓரமாக வையுங்கள், அது எத்தனை நாள் உழைத்ததாக இருந்தாலும். நடிகர் முகங்களும் அனிமே நகல்களும் நாட்காட்டிச் சாமிகளும் இந்த இடத்தில் கழிந்துவிடும். அவை உங்கள் கைக்குப் பயிற்சி கொடுத்தன. அவற்றுக்கு வீட்டுச் சுவரில் இடம் உண்டு. போட்டிக்காக வரைந்த மழைநீர் சேமிப்பு, போதை ஒழிப்புப் படங்களும் அப்படியே. கணினி உருவாக்கிய படத்தைப் பார்த்து வரைந்ததையோ வேறொருவர் கை பட்டதையோ வைக்கவே கூடாது. ஆசிரியர் திருத்திய ஒரு கோடு இருந்தாலும் அந்தப் படம் வேண்டாம்.

மீதமுள்ளதை இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் ஓவியம் தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர். தெரிந்தவர் குறைகளைச் சொல்வார். தெரியாதவர் எந்தப் படத்தின் முன் நிற்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

15 படங்கள் என்று வைத்துக்கொண்டால் பொருள்களைப் பார்த்து வரைந்தவை மூன்று, இடங்கள் மூன்று, மனிதர்கள் இரண்டு, தொடர் ஐந்து, ஸ்கெட்ச் புக் பக்கங்கள் இரண்டு. இது என் கணக்கு. கல்லூரியின் அறிவிப்பு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். தரமான ஒன்றை முதலிலும், உங்களைப் பேச வைக்கும் ஒன்றைக் கடைசியிலும் வையுங்கள். தயக்கத்தோடு சேர்த்த ஒரு படம் மற்ற பதினான்கையும் கீழே இழுத்துவிடும்.

படம் எடுத்துக் கோப்பாக்குவது

காலை ஒன்பது மணியளவில், நேர்வெயில் படாத தாழ்வாரத்தில், ஓவியத்தைச் சுவரில் நேராக ஒட்டி, கைப்பேசியை அதன் நடு உயரத்துக்குப் பிடியுங்கள். சற்றுப் பின்னால் தள்ளி நின்று சிறிது ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது. ஃபிளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகள் கூடவே கூடாது. அவை தாளை வெள்ளையாக்கும் அவசரத்தில் உங்கள் நடுத்தொனிகளைத் துடைத்துவிடும். கடையில் ஸ்கேன் செய்தால் 300 டிபிஐ கேளுங்கள்.

பக்கத்துக்கு ஒரு படம். கீழே சிறிய எழுத்தில் தலைப்பு, ஊடகம், சென்டிமீட்டரில் உயரமும் அகலமும், வரைந்த மாதம், ‘நேரில் பார்த்து’ அல்லது ‘நினைவிலிருந்து’ என்ற குறிப்பு. பூக்கரை, அலங்கார எழுத்து, பின்னணி நிறம் எதுவும் வேண்டாம். கோப்பின் அளவு வரம்பை அறிவிப்பில் பார்த்து, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கடைசி இரவில் இணையதளம் திணறும்.

அசலைக் காப்பது

சுருட்டாதீர்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக, படத்துக்குப் படம் வெண்தாள் இட்டு, நாடாவால் கட்டி வையுங்கள். சார்கோல் உதிராமலிருக்க ஃபிக்ஸேட்டிவ் தெளிக்கும்போது வெட்டவெளியில், ஒரு அடி தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக இரண்டு முறை. பலர் ஹேர் ஸ்பிரே அடிக்கிறார்கள். நாளடைவில் தாள் மஞ்சளாகிவிடும். கரையானும் வெள்ளிப்பூச்சியும் வரும் இடமென்றால் தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள், ஆனால் தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம்.

நேர்காணலும் செய்முறைத் தேர்வும்

முந்திய வாரம் வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, எந்தப் படத்தை வேண்டுமானாலும் காட்டி அந்த மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். தமிழில் பதில் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டிய இடமென்றால் அதே பதில்களை எளிய ஆங்கிலத்தில் தயார் செய்யுங்கள். மனப்பாடம் வேண்டாம். நிலைப்படியில் உட்கார்ந்த ஆயாவைப் பற்றிப் பேச யாருக்கும் மனப்பாடம் தேவைப்படாது. ஒரு படத்தில் குறை சொன்னால் வாதாடாதீர்கள். திரும்ப வரைந்தால் எப்படி வரைவீர்கள் என்று சொல்லுங்கள்.

செய்முறைத் தேர்வில் எதிரே ஒரு பொருள்கூட்டமோ ஒரு மனிதரோ இருக்கலாம்; மனத்திலிருந்து ஒரு காட்சியை அமைக்கவும் சொல்லலாம். எழுந்து நிற்க அனுமதி இருந்தால் பாதி நேரத்தில் ஒருமுறை பின்னால் போய்ப் படத்தைத் தூரத்திலிருந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் அளப்பதற்கு மட்டும்.

காலை ரயிலுக்குக் கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை: அட்டைக் கட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, இரண்டு ஸ்கெட்ச் புக், கூர்சீவிய பென்சில்கள், பிளேடு, ரப்பர், கிளிப், பழைய பருத்தித் துணி, சான்றிதழ் உறை, எலுமிச்சைச் சாதம். அட்டைக் கட்டை மேல்தட்டில் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாலாஜா தாண்டியதும் எதிர் இருக்கையில் யாராவது தூங்க ஆரம்பித்திருப்பார்கள். ஸ்கெட்ச் புக்கைத் திறந்து அவரை வரையுங்கள்.